சும்மா கொடுத்த சாமான்

எந்தச் சாமானையும் தள்ளிவிடலாம் என்ற துணிவோடுதான் நாஸிம் வவுனியா பஜாரில் கொம்பியூட்டர் கடை போட்டவன். மாரி முடிந்த கையோடு குடை விற்றவர் அவனுடைய வாப்பா ஹமீட். முல்லைத்தீவில் புடவைக்கடை வைத்திருந்து, தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம்களை வடக்கைவிட்டு வெளியேற்றியபோது உடுத்த உடுப்போடு புத்தளத்துக்குப் போனவர். போய், அகதி முகாமின் கிடுகு மறைப்புக்குள்ளேயும் ஒரு சாக்கை விரித்து அதன்மேல் சீத்தைத்துணி அடுக்கியவர். அந்த வீட்டுப் பிள்ளைக்குச் சாமான் விலைப்படாவிட்டால் பிழை சாமானில் இல்லை, விற்கிறவன் வாயில்தான்.

அப்படிப்பட்டவனிடம் இரண்டாயிரத்து நாலில் ஒரு சாமான் வந்து சேர்ந்தது. அதற்கு விலையே கிடையாது. அதை ஒருவர் தலையிலும் கட்ட அவனால் முடியவில்லை.

அனுப்பியது நோர்வேயில் இருந்த ஒரு சங்கம். தலைவர் கனகலிங்கம். அங்கத்தைய கந்தோர்கள் கழித்துவிடும் கொம்பியூட்டர்களை வாங்கி, துடைத்து, திருத்தி, வன்னிப் பள்ளிக்கூடங்களுக்குக் கொடுப்பது அவர்களுடைய திட்டம். கடிதம் எழுத, கணக்குப் போட, பரீட்சைப் புள்ளி பதிய என்று ஒரு கந்தோருக்கு வேண்டிய மென்பொருள் எல்லாம் அதற்குள்ளேயே ஏற்றியிருக்கும். அதுவும் இலவசம். ‘யாரும் பாவிக்கலாம், யாருக்கும் கொப்பி எடுத்துக் கொடுக்கலாம்’ என்று செய்தவர்களே சொல்லிவிட்ட மென்பொருள். திரையில் வருவதெல்லாம் தமிழ். சங்கம் கேட்டது இரண்டே விஷயம். வேறு மென்பொருளின் கள்ளக் கொப்பியை அதில் ஏற்றக்கூடாது. முதலில் பெறும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் தமிழில் எழுதி அனுப்பவேண்டும். அந்தப் பக்கங்களைக் காட்டித்தான் துணுக்காய்க்கும் பூநகரிக்கும் அடுத்த பெட்டிகளைச் சங்கம் கேட்டு வாங்கும்.

ஓமந்தையில் ஆமி, இயக்கம் என்று இரண்டு பக்கச் சோதனையும் தாண்டிப் பெட்டிகளைக் கொண்டுபோவது, பூட்டிக் கொடுப்பது, ஓர் ஆசிரியரைப் பழக்குவது, பள்ளிக்கூடங்களை இதற்குச் சம்மதிக்கவைப்பது எல்லாம் நாஸிமின் பொறுப்பு. கூலி சொற்பம். ஆனாலும் அவன் கண் தூரத்தில் இருந்தது. வன்னிப் பள்ளிக்கூடம் எங்கும் கொம்பியூட்டர் வந்தால் அதைத் திருத்த ஒருவன் வேண்டும். அந்த ஒருவன் முல்லைத்தீவில், வாப்பாவின் கடை இருந்த அதே நிலத்தில் கடை திறக்கலாம்.

ஆனால் வன்னிச் சனத்துக்கு இலவசத்தைப் பற்றி யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. வண்டு விழுந்த அரிசி அவர்களுக்குச் சும்மா வந்திருக்கிறது. வாசல் சிப் மூடாத கூடாரம் சும்மா வந்திருக்கிறது. இரண்டும் இடதுகாலாக ஒரு சோடிச் சப்பாத்துக்கூட ஒருவருக்கு வந்ததாம். ஆகவே சும்மா வருகிற எதையும் அவர்கள் முதலில் திருப்பிப் பார்ப்பார்கள்.

ஒட்டுசுட்டானுக்கு அங்கால், குளக்கட்டை ஒட்டி இருந்த பள்ளிக்கூடத்தின் அதிபர் சிற்றம்பலமும் திருப்பித்தான் பார்த்தார். யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டத்தில் வந்து, காட்டை வெட்டி வயலாக்கிய குடும்பம் அவருடையது. விதைநெல்லை உள்ளங்கையில் உருட்டிப் பார்க்கிற மாதிரி நாஸிம் கொடுத்த சீடியை உருட்டிப் பார்த்தார்.

“தம்பி, சும்மா தாறதெண்டால் எங்கையோ ஒரு பழுது இருக்கும். பழுதைப் பிள்ளையளுக்குக் குடுக்கலாமோ?”

“பழுது ஒண்டுமில்லை சேர். உலகம் முழுக்கச் சனம் பாவிக்குது.”

“அப்ப ஏன் காசு வாங்கேல்லை?”

இந்தக் கேள்விக்கு நோர்வேயில் ஒரு பதில் இருந்திருக்கும். பஜாரில் வளர்ந்தவனிடம் இல்லை. அவன் வாயைத் திறக்க முதலே அதிபர் மேசை லாச்சியை இழுத்து வேறொரு சீடியை எடுத்து நீட்டினார். பெரிய கம்பனி ஒன்றின் மென்பொருள். மருமகன் கொழும்பு நடைபாதையில் வாங்கியதாம்.

“இதைப் போட்டுத் தாங்கோ. இது காசு குடுத்து வாங்கினது.”

“அது கள்ளக் கொப்பியெல்லோ சேர்.”

“கள்ளன் நல்லதைப் பாத்துத்தானே எடுப்பான்,” என்றார் சிற்றம்பலம்.

அன்று திரும்பும் வழியில் பஸ்ஸை யானைகள் மறித்தன. ஒரு குடும்பமாக வந்து, தெருவை விலைக்கு வாங்கியதுபோல் நின்றன. சாரதி இயந்திரத்தை நிறுத்திவிட்டு வெற்றிலை மடித்தான். நாஸிம் யன்னலோரம் இருந்து, வாப்பாவின் கடையில் ஒருகாலம் கிடந்த கிளிப்பச்சைச் சேலையை நினைத்தான். தட்டில் கிடந்தவரை அதை ஒருத்தியும் தொடவில்லை. விலையைக் குறைத்தார், அப்போதும் தொடவில்லை. பிறகு வாப்பா அதைக் கண்ணாடி அலுமாரிக்குள் தனியே தொங்கவிட்டு, பூட்டி, திறப்பை மடியில் செருகிக்கொண்டார். யாராவது அந்தப் பக்கம் பார்த்தால், “அது குடுக்கிறதுக்கில்லை, ஒரு ஆள் சொல்லி வச்சது,” என்பார். அடுத்த சந்தை நாளுக்குள் அந்தச் சேலைக்கு இரண்டு பெண்கள் சண்டை பிடித்தார்கள்.

யானைகள் தெருவை விட்டு இறங்குவதற்குள் நாஸிமின் மனதில் ஒரு திட்டம் தயாராகிவிட்டது.

அடுத்தமுறை அவன் போனபோது கையை விரித்துக்கொண்டு போகவில்லை. இந்தத் திட்டத்துக்குப் பள்ளிக்கூடங்களைச் சங்கம் மிகக் கவனமாகத்தான் தெரிவுசெய்கிறது, உங்கள் பெயர் நிற்குமோ தெரியாது என்று ஆரம்பித்தான். பெட்டிகளைத் தடித்த பொலித்தீனால் சுற்றி இறக்கினான். உள்ளே ஒவ்வொரு பெட்டியிலும் அதை ஓடவைக்கிற ஆளியின் மேல் ஒரு பொன்னிற வட்ட முத்திரை ஒட்டியிருந்தது. மனைவி பஸ்லியாவின் தம்பி கடையில், கூறைச்சேலைப் பெட்டிகளுக்கு ஒட்டுகிற ஸ்டிக்கர் அது. ஒரு சுருளே அவனிடம் சும்மா கிடந்தது.

சங்கத் தலைவர் நேரே வந்து, விளக்கேற்றி, தன் கையாலேயே முத்திரையை உடைத்துத் திறந்துவைப்பார் என்றான். அதற்கு முதல் யாராவது உடைத்தால் சங்கம் அத்தனையையும் திருப்பி எடுத்துவிடும், வேறு பள்ளிக்கூடங்கள் வரிசையில் நிற்கின்றன என்றான். இதில் தலைவர் வருவது ஒன்றுதான் உண்மை. தைப்பொங்கலுக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்.

சிற்றம்பலம் இந்தமுறை எதையும் திருப்பிப் பார்க்கவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பெட்டிகளுக்குக் கொஞ்சம் தள்ளியே நின்றார்.

மாதம் போவதற்குள் அந்தப் பள்ளிக்கூடத்தில் ஓர் அறைக்குச் சீமெந்து பூசி, யன்னலுக்குக் கம்பி போட்டு, திரை தொங்கியது. வாசலில் செருப்புக் கழற்றவேண்டும் என்று எழுதிவைத்தார்கள். வெள்ளிக்கிழமைகளில் கதவு நிலையில் சந்தனம் வைத்தார்கள். பெற்றார் கூட்டத்துக்கு வந்த தாய்மார் யன்னல் கம்பிக்குள்ளால் எட்டிப்பார்த்துவிட்டுப் போனார்கள். கள்ளக் கொப்பியின் பேச்சை அதிபர் பிறகு எடுக்கவே இல்லை. துணுக்காயிலிருந்து ஓர் அதிபர் தானாகவே வவுனியாவுக்கு வந்து, எங்கள் பெயரையும் பதியுங்கோ என்று கடை வாசலில் நின்றார். வாப்பா மௌத்தாகாமல் இருந்திருந்தால் மகனைப் பார்த்து மீசைக்குள் சிரித்திருப்பார்.

அந்த அறையின் திறப்பு தாட்சாயினியிடம் இருந்தது. அவள் தொண்டராசிரியை. சம்பளம் என்று சொல்ல ஒன்றும் இல்லை, நிரந்தர நியமனம் வரும் வரும் என்று வருஷக்கணக்காகப் படிப்பிக்கிறவள். நாஸிம் அவளை வவுனியாவுக்கு அழைத்து, தன் கடையிலேயே அந்த மென்பொருளைப் பழக்கினான். சிக்கெனப் பிடித்துக்கொண்டாள். நாஸிமுக்கே தெரியாமல் இருந்த வழிகளைக் கேள்வி கேட்டுக் கேட்டுக் கண்டுபிடித்தாள். ஊருக்குத் திரும்பியதும், பெட்டிகள் திறபடும்வரை சும்மா இருப்பானேன் என்று பால்மாப் பெட்டி மட்டைகளை வெட்டி, எழுத்துகளைக் கட்டம் கட்டமாக எழுதி, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு விசைப்பலகை செய்துகொடுத்தாள். அவள் ஒரு வசனத்தைச் சொல்ல, பிள்ளைகள் மட்டையில் தட்டுவார்கள். பக்கத்துப் பிள்ளை விரலைப் பார்த்துப் பிழை பிடிக்கும். கொஞ்சநாளில் கண்ணை மூடிக்கொண்டே தட்டப் பழகிவிட்டார்கள்.

தைப்பொங்கலுக்கு முன் கடல் வந்தது. முல்லைத்தீவுக் கரை முழுக்க அழிந்து கிடந்தபோது கனகலிங்கம் வந்தார்தான். ஆனால் சேகரித்த காசோடும் மருந்தோடும் நேரே கரைக்குப் போனார். அந்த நேரத்தில் விளக்கேற்றி மாலை போடுவோமென்று கேட்க யாருக்கும் நா வரவில்லை. அடுத்த ஆடிக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். அந்த ஆடிக்கு அவருக்கு லீவு கிடைக்கவில்லை.

கரண்ட் இல்லாத அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் பெட்டிகளோடு கொடுத்த ஜெனரேற்றருக்கு எண்ணெய் ஊற்றி ஓடவிட்டுப் பார்க்கப் போயிருந்த ஒரு நாள், அவனை அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடுகிற தாட்சாயினி சைக்கிள் கொட்டிலடியில் மறித்தாள்.

“நானா, ஒண்டை மட்டும் திறந்து காட்டட்டோ? மற்றதெல்லாம் அப்பிடியே இருக்கட்டும். பிள்ளையளின்ர விரல் மட்டையில தேயுது.”

அப்போதே நாஸிம் ஓம் என்றிருக்கலாம். நாக்கின் நுனிவரை வந்தது. ஆனால் துணுக்காய் அதிபரின் முகம் குறுக்கே வந்தது. பூநகரியிலும் ஒருவர் இளகிக்கொண்டிருந்தார். முத்திரையை உடைத்தார்கள், ஒன்றும் நடக்கவில்லை என்ற கதை பஸ் ஏறினால், அலுமாரிச் சேலை பழையபடி தட்டுக்கு வந்துவிடும்.

“கொஞ்சம் பொறுங்கோ ரீச்சர். திறப்பு விழா முடியட்டும்.”

“பொறுக்கிறம். ஆனா இந்த வகுப்பு இந்த வருஷத்தோட வெளியில போயிடும்.”

அந்த வகுப்பு வெளியே போனது. அடுத்த வகுப்பு அதே மட்டைகளில் தட்டத் தொடங்கியது.

இரண்டாயிரத்து ஆறு ஆவணியில் கனகலிங்கம் பட்டு வேட்டியோடு வவுனியா விடுதி ஒன்றில் வந்து இறங்கினார். குத்துவிளக்கும் கையோடு கொண்டுவந்திருந்தார். பள்ளிக்கூடத்தில் வாழை கட்டியாயிற்று என்று செய்தி வந்திருந்தது. அந்தக் கிழமைதான் சண்டை மூண்டு பாதையை மூடினார்கள். கனகலிங்கம் விடுதி முற்றத்தில் நடந்தார், ஓமந்தைவரை போய்த் திரும்பினார், பிறகு நோர்வேக்கே போய்விட்டார். போகும்போது, பக்கங்கள் வரட்டும், பக்கம் வராமல் அடுத்த பெட்டிகளை யாரிடமும் வாய் திறந்து கேட்க முடியாது என்றார்.

இனிக் காத்திருக்க ஒன்றும் இல்லை என்று நாஸிமுக்கு விளங்கியது. பாஸ் எடுத்து உள்ளே போக அவனுக்கு வழியில்லை. அரச உணவுச் சாமான் ஏற்றி உள்ளே போய்வருகிற லொறிச் சாரதி ஐயாத்துரையைப் பிடித்தான். அதிபரிடம் போய், முத்திரையை உடைத்து வேலையைத் தொடங்கட்டாம் என்று நாஸிம் சொன்னதாகச் சொல்லு, விழாவும் வேண்டாம் விளக்கும் வேண்டாம் என்று சொல்லு, என்றான்.

ஐயாத்துரை திரும்பி வந்து, கடைப் படியில் குந்திக்கொண்டு பதிலைச் சொன்னான். சொல்லும்போதே அவனுக்குச் சிரிப்பு.

“அதிபர் என்ன சொன்னவர் தெரியுமோ நானா? ‘சங்கம் எங்களைச் சோதிச்சுப் பாக்குதெண்டு எங்களுக்கு விளங்குது. நாங்கள் அப்பிடி லேசில வழுக்கிற ஆக்களில்லை. பெட்டி வந்த மாதிரியே இருக்கெண்டு தலைவருக்குச் சொல்லச் சொல்லுங்கோ’ எண்டவர்.”

கூடவே ஒரு சாராயப் போத்தல் நிறையக் காட்டுத்தேன் கொடுத்தனுப்பியிருந்தார். நாஸிம் தம்பிக்கு, எங்கள் பள்ளிக்கூடத்தைத் தெரிவுசெய்து தந்ததற்காக.

நாஸிம் மறுபடியும் சொல்லியனுப்பினான். நடந்ததை உள்ளபடி சொல்லு, அந்த முத்திரை சேலைப் பெட்டி ஸ்டிக்கர் என்று சொல்லு, என்றான். ஐயாத்துரை அதையும் சொன்னான். அதிபர் சிரித்தாராம். வியாபாரி தன் சரக்கைத் தானே குறைத்துச் சொல்லுவானா, இது சோதனைதான் என்று உறுதியாகச் சொன்னாராம். எண்ணெய்க்கும் இப்போது வழியில்லை, ஜெனரேற்றரை வாடிக் கொட்டிலில் கட்டிவைத்திருக்கிறோம், பாதை திறந்ததும் எல்லாம் முறையாக நடக்கும் என்றாராம்.

தேன் போத்தல் குசினித் தட்டில் இருந்தது. பஸ்லியா அதைத் துடைத்து வைத்துவிட்டு, “நல்லா வித்திருக்கிறீங்க,” என்றாள்.

பக்கங்கள் வரவில்லை. துணுக்காய்க்கும் பூநகரிக்கும் என்று வைத்திருந்த பெட்டிகள் வேறேதோ தேசத்துக்குப் போய்விட்டதாக அடுத்த வருஷம் தகவல் வந்தது. கொஞ்சக்காலத்தில் ஐயாத்துரையின் லொறியும் நின்றது. பிறகு வன்னியிலிருந்து எந்தக் கதையும் வரவில்லை. வந்ததெல்லாம் சத்தம்தான். வவுனியாவின் மேலால் கிபிர் விமானங்கள் வடக்கே போகும்போது கடையின் கண்ணாடி அலுமாரி அதிரும்.

இரண்டாயிரத்து ஒன்பது ஆனியில், சண்டை முடிந்து வன்னிச் சனத்தை அடைத்துவைத்திருந்த செட்டிகுளம் முகாமின் கூட்டுறவுக் கடைக்குச் சவர்க்காரமும் வாளியும் கொடுக்கிற வேலை நாஸிமுக்குக் கிடைத்தது. காட்டை வழித்துத் தள்ளிய செம்மண் வெளியில் வெள்ளைக் கூடாரங்கள் கண்ணுக்கெட்டிய தூரம் கிடந்தன. அவன் லொறியிலிருந்து சாமான் இறக்கிக்கொண்டிருந்தபோது, வரிசையில் நின்ற ஒருத்தி, “நானா,” என்றாள். குரல்தான் முதலில் தெரிந்தது. மெலிந்து, ஆளில் பாதி இல்லை.

தாட்சாயினி அழவில்லை. புள்ளி வாசிக்கிற மாதிரிச் சொன்னாள். தையில் சண்டை நெருங்கி, சனம் ஒட்டுசுட்டானைவிட்டு எழும்பியபோது அதிபர் தன் நெல்மூட்டைகளை விட்டுவிட்டு, உழவு மெசினின் இழுவைப் பெட்டியில் கொம்பியூட்டர்களை ஏற்றினாராம். மனைவி பேசியதற்கு, நெல் எங்களுடையது, இது ஒப்படைத்த சாமான் என்றாராம். விசுவமடு, தேவிபுரம், இரணைப்பாலை என்று இடம் இடமாக இறக்கி ஏற்றினார்களாம். கரைக்கு வந்தபோது மழை. பொலித்தீனை உரித்துக் குழந்தைகளுக்கு மேலால் கட்டினார்களாம். பங்கர் வாசலுக்கு மண்மூட்டை போதாமல் போனபோது பெட்டிகளைத்தான் அடுக்கினார்களாம். அதிபர் அந்தப் பெட்டிகளோடு சாய்ந்து இருந்தபடியேதான் போனாராம். அவரை அங்கேயே மண்ணுக்குள் தாட்டார்களாம்.

“முத்திரையளை உடைக்கேல்லை,” என்றாள். “கடைசிவரைக்கும் உடைக்கேல்லை.”

நாஸிம் கையிலிருந்த வாளியை மற்ற வாளிகளின் மேல் வைத்தான்.

வரிசை ஓரடி நகர்ந்தது. அவளும் நகர்ந்தாள். பின்னால் நின்றவர்களுக்குக் கேட்காதபடி குரலைத் தணித்துக்கொண்டாள்.

“பாதை பூட்டின அடுத்த வருஷம், ஒரு நாள் அதிபர் கல்விக் கந்தோருக்குப் போயிட்டார். திறப்பு என்னட்டை. பிள்ளையள் வாசல்ல செருப்பைக் கழட்டிப்போட்டு நிக்கினம். எண்ணெயும் ஒரு போத்தல் வச்சிருந்தன், வீட்டு விளக்குக்கு வாங்கினது, அதில ஜெனரேற்றர் ஓடுமோ தெரியாது. பிளேட் முனையை முத்திரையில வச்சிட்டன் நானா. வச்சிட்டு எடுத்துப்போட்டன். எல்லாத்தையும் திருப்பி எடுத்துப்போட்டால் பின்னால வாற பிள்ளையளுக்கு ஆர் பதில் சொல்லுறது எண்டு பயந்திட்டன். அண்டைக்கு நிண்ட பிள்ளையளில இப்ப…” என்று தொடங்கி விரல்களைப் பார்த்தாள். எண்ணவில்லை. கையைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டாள்.

“எனக்கு நித்திரை வாறேல்லை. ஐயாத்துரை அண்ணை வந்து, அது சேலைப் பெட்டியில ஒட்டுறது எண்டு சொன்னவர். அதிபர் நம்பேல்லை. நானும் நம்பேல்லை. நீங்கள் இப்ப சொல்லுங்கோ. அண்டைக்கு நான் உடைச்சிருந்தால், மெய்யாவே எடுத்திருப்பினமோ?”

அவன் வாழ்க்கையில் எத்தனையோ பேர் எத்தனையோ சாமானைக் காட்டி, இது மெய்தானா என்று கேட்டிருக்கிறார்கள். பதில் சொல்ல அவன் ஒருநாளும் மூச்சு எடுத்ததில்லை. இப்போது எடுத்தான். அவள் கண்கள் அவன் வாயில் இருந்தன. உண்மையைச் சொன்னால் அதைச் சுமந்துகொண்டு இந்தக் கம்பி வேலிக்குள் அவள் எங்கே போவாள் என்று பார்த்தான். எங்கேயும் இடம் தெரியவில்லை.

“ஓம் ரீச்சர்,” என்றான். “எடுத்திருப்பினம். ஒண்டுகூட விட்டிருக்க மாட்டினம். நீங்கள் செய்ததுதான் சரி.”

அவள் அந்தச் சொல்லைத் திருப்பிப் பார்க்கவில்லை. தலையை ஆட்டி அப்படியே வாங்கிக்கொண்டாள்.

“அப்ப சரி. அதைத்தான் நான் பிள்ளையளுக்கும் சொன்னனான்.”

வரிசை மறுபடி நகர்ந்தது. அவள் முறை வந்து, ஒரு சவர்க்காரத்தை வாங்கிக்கொண்டு, கூடாரங்களுக்கு நடுவே நடந்தாள். எல்லாக் கூடாரமும் ஒரே மாதிரி இருந்ததால் அவள் எதற்குள் போனாள் என்று நாஸிமால் பிடிக்க முடியவில்லை. கூட்டுறவுக் கடைக்காரன் வாளிகளை ஒவ்வொன்றாகத் திருப்பி, அடியில் ஓட்டை இருக்கிறதா என்று வெயிலில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.